பதினெட்டு மாடி மரத்திலா? பொறியியல் மரக் கட்டடங்கள் பற்றி நம்மூர்க்காரர்கள் கேட்கும் கேள்விகள்

நாகர்கோவிலில் கட்டமைப்புப் பொறியியல் சொல்லிக்கொடுப்பது என் வேலை. மரத்தில் பெரிய கட்டடம் கட்டும் ஆய்வுகளைப் பின்தொடர்வது என் பைத்தியம். இந்த இரண்டாவது விஷயம் வெளியே தெரிந்துவிட்டால் தீர்ந்தது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே திரும்பி, "சார், செதல் அரிக்காதா?" என்பார். ஒரே பதிலைப் பத்து இடத்தில் சொல்லிச் சலித்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன்.

எல்லோரும் முதலில் நெருப்பைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்குப் பயம் தண்ணீரிடம். அதனால் மழை பற்றிய பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொறியியல் மரம் என்பது பிளைவுட்டுக்கு வைத்த புதுப் பெயர்தானே?

பிளைவுட்டும் அந்தக் குடும்பம்தான். ஆனால் அதை வைத்து அலமாரி செய்யலாம், மாடி தாங்க முடியாது.

ஒரு தடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கணு இருக்கும், வெடிப்பு இருக்கும், எங்காவது ஒரு கோணல் இருக்கும். அதை அப்படியே உத்திரமாகப் போட்டால், எந்தக் கணு எப்போது கைவிடும் என்று யாருக்கும் தெரியாது. அதையே சிறு பலகைகளாக அறுத்து, உலர்த்தி, கெட்ட இடத்தை வெட்டி எறிந்து, நல்லதை மட்டும் பசை போட்டு அழுத்திச் சேர்த்தால் பலம் சீராகக் கிடைக்கும். கணக்குப் போட்டுக் கட்டலாம். விஷயம் இவ்வளவுதான்.

மூன்று பெயர்கள் தெரிந்தால் போதும். பலகைகளை எல்லாம் ஒரே திசையில் அடுக்கி ஒட்டிய உத்திரம் அல்லது தூண், குளூலாம். இதற்கு ஜெர்மனியின் வைமார் நகரில் ஓட்டோ ஹெட்சர் என்பவர் 1906-ல் காப்புரிமை வாங்கினார். சுமார் 3 மில்லிமீட்டர் கனத்தில் சீவிய ஏடுகளை ஒட்டினால் அது எல்.வி.எல். பலகைகளை ஒரு வரிசை நெடுக்காகவும் அடுத்த வரிசை குறுக்காகவும் வைத்து 3, 5, 7 அடுக்காக ஒட்டினால் சி.எல்.டி. இதில் சுவர், தளம் என்று முழுசாகவே பலகையாக வந்து இறங்கும். இது 1990-களில் ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் வளர்ந்தது. கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கெர்ஹார்ட் ஷிக்ஹோஃபர் 1994-ல் முடித்த முனைவர் பட்ட ஆய்வு இதற்கு ஒரு முக்கியமான அடித்தளம். 2019-ல் அவருக்கு மார்கஸ் வாலன்பெரி பரிசு கிடைத்தது.

குறுக்கு அடுக்கு எதற்கு? ஐப்பசி மழையில் உங்கள் வீட்டுக் கதவு நிலையில் இறுகிக்கொள்ளும், இல்லையா? கதவு அகலத்தில்தான் வீங்குகிறது, நீளத்தில் கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. மரத்தின் குணம் அது. ஒரு அடுக்கு அகலத்தில் வீங்கப் பார்த்தால், மேலும் கீழும் குறுக்கே கிடக்கும் பலகைகள் அதைப் பிடித்து நிறுத்திவிடும்.

மூன்றடுக்குத் துண்டு ஒன்றைத் தக்கலைப் பக்கம் ஒரு மூத்தாசாரியிடம் காட்டினேன். எழுபது வயது தாண்டியவர். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். முகர்ந்தார். வெட்டுமுகத்தை வெளிச்சத்தில் பிடித்து, பசைக்கோட்டின்மேல் நகத்தை ஓட்டினார். "தம்பி, நாங்க மரத்துக்குப் பசை போடுவோம். நீங்க பசைக்கு மரம் போட்டிருக்கிய" என்றார். இந்தத் துறையின் பலமும் பலவீனமும் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

உண்மையிலேயே கட்டி, ஆள் குடியிருக்கிறார்களா? மாதிரி வீடு காட்டி ஏமாற்றுகிறார்களா?

குடியிருக்கிறார்கள். லண்டனில் 2009-ல் முடிந்த ஸ்டாட்ஹவுஸ் 9 மாடி. தரைத்தளம் கான்கிரீட், அதற்கு மேலே 8 மாடியும் சி.எல்.டி. மரக் கட்டமைப்பு முழுவதையும் 4 தச்சர்கள் 27 வேலை நாளில் நிறுத்திவிட்டார்கள். மெல்பர்னின் ஃபோர்ட்டே 2012-ல் 10 மாடி. கனடாவின் வான்கூவரில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் விடுதியான பிராக் காமன்ஸ் 18 மாடி, 2017-ல் திறந்தது. நார்வேயில் பிருமுண்டால் என்ற சிற்றூரில் 2019-ல் முடிந்த மியோஸ்டோர்னெட், 18 மாடி, 85.4 மீட்டர். அமெரிக்காவின் மில்வாக்கியில் அசென்ட் என்ற கட்டடம் 2022-ல் 25 மாடி.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். "மரக் கோபுரம்" என்று படம் போடுகிறவர்கள் அடிப்பகுதியைப் பெரும்பாலும் காட்டுவதில்லை. அசென்ட்டில் கீழே 6 மாடி கான்கிரீட், மேலே 19 மாடிதான் மரம். பிராக் காமன்ஸில் லிஃப்ட்டும் படிக்கட்டும் உள்ள இரண்டு தூண்கூடுகள் கான்கிரீட். இதில் குற்றம் ஒன்றும் இல்லை. எது எங்கே பொருந்துமோ அதை அங்கே வைத்திருக்கிறார்கள்.

நம் பத்மநாபபுரம் அரண்மனை அப்போதே நாலு மாடிதானே? இதில் என்ன புதுசு?

இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கும். உப்பரிகை மாளிகை 1750 வாக்கில், மார்த்தாண்டவர்மா காலத்தில் எழுந்தது, நாலு நிலை. கீழே கருவூலம், அதற்கு மேல் 64 மூலிகை மரங்களில் செய்ததாகச் சொல்லும் கட்டில் கிடக்கும் அறை, உச்சியில் சுவரோவியங்களோடு வழிபாட்டு அறை.

ஆனால் அது முழுக்க மரம் இல்லை. தடித்த சுவரும் சேர்ந்து தாங்குகிறது. மேலும் அன்றைக்கு முதிர்ந்த பெருமரங்கள் கிடைத்தன. அதே அரண்மனையின் தாய்க் கொட்டாரத்தில் ஒரே பலாமரத்தில் கடைந்த தூணைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு பலாவை இன்று எங்கே போய்த் தேடுவது? முப்பது வருடத்து ஒல்லி மரத்தை வைத்து அந்தக் கனத்தை எப்படி உண்டாக்குவது என்பதுதான் புதிய கேள்வி, அதற்கான விடைதான் பசை.

தீப்பிடித்தால்?

விறகடுப்பு ஊதியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுள்ளி சட்டென்று பற்றும். கனத்த தடியை அடுப்பில் திணித்தால் மேலே கரியாகி, உள்ளே பச்சையாகவே கிடந்து, மறுநாள் காலையில் பாதி மிச்சம் இருக்கும். கரி ஒரு போர்வை. சூட்டை உள்ளே விடாது.

ஊசியிலை மரம் நிமிடத்துக்குச் சுமார் 0.65 மில்லிமீட்டர் கரியும் என்று ஐரோப்பிய விதிமுறை கணக்குக் கொடுக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு 4 சென்டிமீட்டர். அப்படியானால் தூணுக்குத் தேவையான கனத்துக்கு மேல் நாலு பக்கமும் 4 சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வைத்துவிட்டால், ஒரு மணி நேரம் எரிந்த பிறகும் உள்ளே இருக்கும் மரம் பாரத்தைத் தாங்கும். காப்பில்லாத எஃகு 550 டிகிரி செல்சியஸ் வாக்கில் பலத்தில் ஏறக்குறைய பாதியை இழந்து வளைந்துவிடும். இதனால்தான் மரக் கட்டடங்களில் எஃகு இணைப்புத் தகடுகளை மரத்துக்குள்ளே செருகி மறைக்கிறார்கள். எஃகைத் தீயிலிருந்து மரம் காப்பாற்றுகிறது!

இதோடு நிறுத்திவிட்டால் நான் வியாபாரி ஆகிவிடுவேன். சிக்கல் இரண்டு உண்டு.

ஒன்று, பசை. சில பசைகள் சூட்டில் இளகும். கரிந்த அடுக்கு பொத்தென்று கீழே விழும், அடியில் இருந்த புதுப் பலகை தீக்குத் தீனியாகும். அணைந்துகொண்டிருந்த தீ மறுபடி எழும். வட அமெரிக்காவின் சி.எல்.டி தரநிலையை 2018-ல் திருத்தியபோது சூட்டில் கைவிடாத பசைதான் வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள்.

இரண்டு, மூடாத மரம் தானே எரிபொருள். 2021-ல் பிரான்சில் பெரிய கூடம் ஒன்றைக் கட்டி, மேற்கூரையின் சி.எல்.டி பலகையை மூடாமல் விட்டுத் தீ வைத்துப் பார்த்தார்கள். சில நிமிடங்களில் கூடம் முழுக்கப் பரவிவிட்டது. அதனால்தான் அமெரிக்காவின் 2021 மாதிரி விதிமுறை 18 மாடி வரை மரத்தை அனுமதித்தாலும், அந்த உயரத்தில் மரத்தை முழுக்க ஜிப்சம் பலகையால் மூடச் சொல்கிறது. 9 மாடிக்குள் என்றால் பெரும்பாலும் திறந்து விடலாம். இங்கிலாந்தோ, 2017-ல் லண்டனின் கிரென்ஃபெல் அடுக்குமாடித் தீ விபத்துக்குப் பிறகு, 18 மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியும் பொருளே கூடாது என்று சொல்லிவிட்டது. கிரென்ஃபெல் கான்கிரீட் கட்டடம். எரிந்தது மேலே ஒட்டிய அலங்கார உறை. அதற்குத் தண்டனை மரத்துக்கும் சேர்த்து.

இன்னொன்று, இந்த ஊர்களில் எல்லாம் கூரையில் தண்ணீர் தெளிப்பான்கள் வேலை செய்யும். நம்மூரில் தீயணைப்புக்கான தொட்டியில் எப்போதும் தண்ணீர் இருக்கிறதா என்பதை நீங்களே போய்ப் பாருங்கள்.

பூகம்பத்தில், புயலில் நிற்குமா?

பூகம்பத்தில் மரம் கெட்டிக்காரன். கான்கிரீட்டின் எடையில் ஐந்தில் ஒரு பங்குதான். எடை குறைந்தால் நிலம் உலுக்கும்போது வரும் விசையும் குறையும். ஜப்பானின் மிகி நகரில் இருக்கும் பெரிய அதிர்வு மேசையில் 2007-ல் இத்தாலிய ஆய்வாளர்கள் 7 மாடி சி.எல்.டி கட்டடத்தை ஏற்றி, 1995 கோபே பூகம்பத்தின் அதிர்வைக் கொடுத்தார்கள். விழவில்லை. 2023-ல் சான் டியாகோவில் 10 மாடிக் கட்டடத்தை ஆட்டிப் பார்த்தார்கள். அதன் சுவர்கள் அசைந்து சாய்ந்து, உள்ளே இறுக்கிய எஃகுக் கம்பிகளின் இழுப்பில் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பும்.

காற்றில் கதை மாறும். எடை குறைந்தது எளிதில் ஆடும். மியோஸ்டோர்னெட்டில் மேல் 7 மாடிகளின் தளத்தை வேண்டுமென்றே கான்கிரீட்டில் போட்டார்கள், உச்சிக்குக் கனம் கொடுத்து ஆட்டத்தைக் குறைக்க. விழுந்துவிடும் என்ற பயத்தில் இல்லை, மேலே படுத்திருப்பவருக்குத் தலை சுற்றக் கூடாது என்பதற்காக. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனி ஆடியில் பைக் ஓட்டியவர்களுக்கு நம் காற்று என்னவென்று தெரியும். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலையும் மறக்க முடியாது. ஆனால் நாலைந்து மாடிக்கு இந்த ஆட்டம் பெரிய பிரச்சினை இல்லை. கூரை பறக்காமல் அடித்தளத்தோடு இழுத்துக் கட்டுவதுதான் அங்கே முக்கியம்.

நம் மழைக்குத் தாங்குமா?

இதுதான் கேள்வி.

வடக்கே இருப்பவர்களுக்கு ஒரு மழைக்காலம். நமக்கு ஆனி ஆடியில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் ஒன்று. நடுவில் கடற்காற்று. மரத்தில் ஈரம் எடையில் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளராது, மக்காது. தொழிற்சாலையில் 12 சதவீதம் வாக்கில் உலர்த்தி ஒட்டுகிறார்கள். நம் மழைக்காலக் காற்றிலேயே அதைவிட ஏறிவிடும். நேரடியாக நனைந்தால் கேட்கவே வேண்டாம்.

ஒரு சின்னச் சோதனை செய்தேன். ஆய்வகச் சோதனை இல்லை, வீட்டுச் சோதனைதான். ரப்பர் மரப் பலகையில் ஒரு சாண் நீளத்துக்கு மூன்றடுக்குத் துண்டுகள் இரண்டு. ஒன்றுக்குக் கடையில் கிடைக்கும் வெள்ளைப் பசை, மற்றதற்கு பாலியூரித்தேன் பசை. ஆனி மாதத்தில் கொல்லைத் துவைகல்லின்மேல் இரண்டையும் வைத்துவிட்டேன். இரவில் மழை, பகலில் இரண்டு மணி நேரம் சுள்ளென்று வெயில், மறுபடி மழை. பதினோராம் நாள் வெள்ளைப் பசைத் துண்டின் ஓரத்தில் என் நகம் நுழைந்தது. மாதம் முடிவதற்குள் மேல் பலகை தனியாகக் கையோடு வந்துவிட்டது. பாலியூரித்தேன் துண்டு ஒட்டு விடவில்லை. ஆனால் அதன் மேல் முகத்தில் நீளமாக இரண்டு வெடிப்பு, அடியில் கரும்பூஞ்சை. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இதையா மாடி கட்டப் போற?" என்றார்கள்.

நல்ல ஆய்வகத்திலும் கிட்டத்தட்ட இதையே செய்கிறார்கள், வேகமாக. துண்டைத் தண்ணீரில் மூழ்கடித்து, காற்றை உறிஞ்சி, அப்புறம் அழுத்தம் கொடுத்துத் தண்ணீரை உள்ளே ஏற்றி, சூட்டுக்காற்றில் சட்டென்று உலர்த்தி, பசைக்கோடு எத்தனை மில்லிமீட்டர் திறந்தது என்று அளப்பார்கள்.

இது விளையாட்டுக் காரியம் இல்லை. ஜெர்மனியின் பாட் ரைஷன்ஹால் ஊரில், பனிச்சறுக்குக் கூடத்தின் மரக்கூரை 2006 ஜனவரி 2-ம் தேதி இடிந்து 15 பேர் இறந்தார்கள். மேலே பனி கனத்துக் கிடந்தது உண்மை. ஆனால் உள்ளே யூரியா ஃபார்மால்டிஹைடு பசை பல ஆண்டுகளாக ஈரத்தில் ஊறிப் பலம் இழந்திருந்தது. பசைக்கு ஈரம் ஆகாது என்று முன்பே தெரியும், யாரும் ஏறிப் பார்க்கவில்லை.

அப்புறம், வெளிநாட்டு ஆய்வுக் கட்டுரைகளில் நான் காணாத ஒரு விஷயம்: நம் குளியலறை. அங்கே கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று குளித்துவிட்டு வெளியே உலர்ந்த தரையில் கால் வைக்கிறார்கள். நாம் வாளியில் மோந்து ஊற்றுவோம். வெள்ளிக்கிழமை வீட்டையே கழுவி விடுவோம். மாடிக் குளியலறை ஒழுகாத கான்கிரீட் வீடு ஒன்றை எனக்குக் காட்டுங்கள் பார்ப்போம். கான்கிரீட்டில் ஒழுகினால் கீழே கறை. சி.எல்.டி தளத்தில் ஒழுகினால் ஓட்டைக்கும் கீழ்வீட்டுக்கும் நடுவே மரம் சத்தமில்லாமல் ஊறிக்கொண்டிருக்கும், கறை தெரியும்போது காரியம் கைமீறியிருக்கும். அதனால் மரக் கட்டடத்தில் குளியலறைகளை மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கான்கிரீட் கூட்டில் அடுக்கிவிடுங்கள் என்பது என் கட்சி. தளப் பலகைக்குள் ஈரமானிகளைப் புதைத்து வைத்துக் கண்காணிக்கும் ஆய்வுகளும் நடக்கின்றன. அது இங்கே கட்டாயம்.

பழைய ஆட்கள் இதற்கு என்ன செய்தார்கள்? கூரையை வெளியே நீட்டித் தாழ்த்தினார்கள். மரத்தைக் கல்மேல் நிறுத்தினார்கள். எல்லாப் பக்கமும் காற்று நுழைய மரக்கம்பி அழி வைத்த சன்னல் போட்டார்கள். நனைந்தாலும் உடனே காயும். ஒரு மரக்கட்டடம் முந்நூறு வருடத்தை நெருங்கி நிற்பதற்குத் தேக்கின் குணத்தைவிட அந்த நீண்ட இறவாணம்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

செதல்?

வந்துவிட்டோம். தரைக்குள் கூடு கட்டும் கரையானுக்கு ஈரமண்ணோடு தொடர்பு வேண்டும். மண்குழாய் கட்டிக்கொண்டுதான் ஏறும். ஆகவே கீழ்த்தளத்தைக் கல்லிலோ கான்கிரீட்டிலோ போட்டு, குழாய் ஏறினால் கண்ணுக்குத் தெரியும்படி ஒரு வெளிப்பட்டை விட வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் கரையான் உண்டு, அங்கே பத்து மாடி நிற்கிறது. ஆனால் வருடத்துக்கு ஒருமுறை யாராவது குனிந்து பார்க்க வேண்டும். நம்மாட்கள் கட்டும்போது கொடுக்கும் காசைப் பராமரிப்புக்குக் கொடுப்பதில்லை என்பதுதான் என் கவலை. முந்திரிக்கொட்டை எண்ணெய் அடித்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: கூரையின் சாய்வுச் சட்டமான கழுக்கோலுக்கு நல்லது, ஒட்டுப் பலகைக்கு ஒட்டும் முன் அடித்தால் பசை பிடிக்காது.

ரப்பர் மரத்தில் இதைச் செய்ய முடியுமா?

குலசேகரம், அருமனை, திருவட்டார் ஆட்கள் யாரும் இதைக் கேட்காமல் விட்டதில்லை. முடியும் என்று நினைக்கிறேன். எளிது என்று சொல்ல மாட்டேன்.

நட்டு 25, 30 வருடம் ஆனதும் மரத்தை வெட்டி மறுநடவு செய்கிறோம். தடி டன் கணக்கில் லாரி ஏறிப் பெரும்பாவூர்ப் பக்கம் பிளைவுட்டுக்குப் போகிறது. மீதி விறகு. மரத்தின் அடர்த்தி தேக்குக்கு அருகே வருகிறது, பலத்தில் குறை சொல்ல முடியாது. மலேசியாவிலும் தாய்லாந்திலும் ரப்பர் மரத்தில் சி.எல்.டி செய்து சோதித்திருக்கிறார்கள்.

அதில் எனக்கு ஆசை கிளப்பும் ஒரு விஷயம் உண்டு. முன்பெல்லாம் வள்ளத்தைக் கரையேற்ற அடியில் உருளைத் தடிகள் வைப்பார்கள், மேலே வள்ளம் வழுக்கிப் போகும். சி.எல்.டி தளத்தின்மேல் பாரம் ஏறும்போது நடு அடுக்கில் குறுக்கே கிடக்கும் நார்கள் இப்படித்தான் உருளப் பார்க்கும். ஊசியிலை மரத்தில் செய்த சி.எல்.டியின் பலவீனமான இடம் இது. ஐரோப்பாவில் பீச் என்ற கடின மரத்தை வைத்துச் சோதித்தபோது, இந்த உருளலை அது பல மடங்கு நன்றாகத் தாங்கியது. பீச்போல ரப்பரும் அகலிலை மரம்தான். குறுக்கு அடுக்குக்கு மட்டுமாவது அதைப் போட்டால் என்ன?

சரி, தொல்லைகள். வெட்டிய ரப்பர் தடியை முற்றத்தில் போட்டு வைத்தால் சில நாளில் நீலம் பூக்கும், பிறகு வண்டு துளைத்து மாவாகக் கொட்டும். இயற்கையான எதிர்ப்பு அதற்கு அறவே கிடையாது. ஆகவே சீக்கிரமே அறுத்து, அழுத்தக் கலத்தில் போராக்ஸும் போரிக் அமிலமும் ஏற்ற வேண்டும். அந்த மருந்து தண்ணீரில் கரையும் சாதி, நனைந்தால் வெளியேறிவிடும். போரான் உப்பு ஏறிய மரத்தில் சில பசைகள் ஒழுங்காகப் பிடிப்பதும் இல்லை. மரமும் குட்டை, கோணல், பால் வெட்டிய பட்டைப் பக்கம் காயம். நீளப் பலகை கிடைக்காது. விரல் கோத்ததுபோல் பல்வெட்டி இணைத்துத்தான் நீட்ட வேண்டும்.

இந்த மருந்து, இந்தப் பசை, இந்த ஈரம், மூன்றையும் சேர்த்துச் சோதிக்கிற வேலையைத்தான் இங்கே உட்கார்ந்து செய்ய வேண்டும். நார்வேக்காரர் நமக்காகச் செய்து தர மாட்டார்.

மரம் வெட்டிக் கட்டடம் கட்டுவது பாவமில்லையா?

எந்த மரம் என்பதைப் பொறுத்தது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் ஒரு குச்சியைத் தொடக் கூடாது, அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ரப்பர், நட்டு வளர்த்த பயிர். எப்படியும் வெட்டத்தான் போகிறோம். உலர்ந்த மரத்தில் எடையில் பாதி கார்பன். விறகாகப் போனால் அன்றே புகை, சுவராக நின்றால் கட்டடம் உள்ளவரை அங்கேயே இருக்கும். சிமெண்ட் தயாரிப்பு உலகத்தின் கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்தில் சுமார் 7, 8 சதவீதம். ஆனால் ஆஸ்திரியாவிலிருந்து பலகையைக் கப்பலில் தூத்துக்குடிக்கு இறக்கி, பசுமைக் கட்டடம் என்று பலகை மாட்டினால் எனக்குச் சிரிப்பு வரும்.

சதுர அடிக்கு எவ்வளவு?

இன்றைக்கு, இறக்குமதிப் பலகையில், கான்கிரீட்டைவிடக் கூடத்தான். மிச்சமாவது நாள்கள். வட்டிக்கு வாங்கிக் கட்டுபவருக்கு அது புரியும்.

மேல்வீட்டில் நடந்தால் கீழே டம் டம் என்று கேட்குமா?

வெறும் மரத்தளம் என்றால் கேட்கும். மேலே ஜல்லியோ கனமான பூச்சோ போட்டு, நடுவில் ரப்பர்போல் மெத்தை விரித்து, அடியில் தொங்கு கூரை கொடுத்துக் குறைக்கிறார்கள். உலக்கை இடிக்கிற வீடு இப்போது இல்லை, மிக்ஸியோடு போய்விட்டது. சமாளிக்கலாம்.

சட்டம் அனுமதிக்கிறதா?

தேசியக் கட்டடக் கோட்பாடு 2016-ல் மரத்துக்குத் தனிப் பகுதியே இருக்கிறது. மரக் கட்டமைப்பை வடிவமைக்க ஐ.எஸ். 883, எல்.வி.எல்-க்கு ஐ.எஸ். 14616 உண்டு. மத்தியப் பொதுப்பணித் துறை தன் கட்டடங்களில் மரத்துக்கு இருந்த தடையை 2020-ல் நீக்கியது. ஆனால் அந்தக் கோட்பாட்டில் 15 மீட்டரைத் தொட்டால் உயர்மாடிக் கட்டடம். தமிழ்நாட்டு விதிகளில் 18.30 மீட்டருக்கு மேலே. அந்த உயரத்துக்கான தீத்தடுப்பு எதிர்பார்ப்புகளை எழுதியபோது யாரும் மரத்தை நினைக்கவில்லை. ஆகவே இப்போதைக்குப் பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், விடுதி என்று இரண்டு மூன்று மாடியில் தொடங்குவதே புத்தி. பெரிய இடைவெளி தாண்டும் மண்டபக் கூரைக்கு குளூலாம் மாதிரி அழகான பொருள் வேறு இல்லை.

ஆசாரிமாருக்கு வேலை போய்விடுமா?

இழைப்புளி வேலை ஏற்கெனவே குறைந்துவிட்டது, அதற்கு இந்த மரம் காரணமில்லை. சி.எல்.டி பலகையைக் கணினி இயந்திரம் வெட்டும். ஆனால் எந்தப் பலகை எந்த முகமாகக் கிடக்க வேண்டும், எது நாளைக்கு முறுக்கிக்கொள்ளும் என்று பார்வையில் சொல்ல ஆள் வேண்டும். என் மாணவர்களை அந்த மூத்தாசாரியிடம் ஒருநாள் கூட்டிப்போனேன். வைரத்தையும் (முதிர்ந்த நடுமரம்) வெள்ளையையும் (இளம் புறமரம்) வெட்டுமுகத்தில் பிரித்துக் காட்டச் சொன்னார். பன்னிரண்டு பேரில் மூன்று பேர் சரியாகச் சொன்னார்கள்.

பிள்ளை இதைப் படிக்க வேண்டும் என்கிறாள். எங்கே அனுப்பலாம்?

சிவில் இன்ஜினியரிங் வழியாகவும் வரலாம், வனவியல் வழியாகவும் வரலாம். மர அறிவியலில் முதுகலைப் படிப்பு டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் உண்டு. பெங்களூரில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. வனவியல் என்றால் மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி, பக்கத்தில் திருச்சூர் வெள்ளானிக்கரை. எந்த வழியில் வந்தாலும் வேதியியலை விட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். பசைக்கு அது வேண்டும்.

முதலில் எதைப் பார்த்தால் இதெல்லாம் புரியும்?

தக்கலையில் இறங்கி பத்மநாபபுரத்துக்கு ஆட்டோ பிடியுங்கள். மாவட்டம் 1956-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்தாலும் அரண்மனை இன்றும் கேரளத் தொல்லியல் துறையின் கையில்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனதும் எல்லோரும் தரையின் கறுப்புப் பளபளப்பைப் பார்ப்பார்கள். நீங்கள் அண்ணாந்து பாருங்கள். கழுக்கோல் சுவரைத் தாண்டி எவ்வளவு தூரம் வெளியே வருகிறது என்று கையால் அளந்து, அந்த இடத்தில் சுவரடி எவ்வளவு உலர்ந்திருக்கிறது என்று குனிந்து பாருங்கள். மழை நாளில் போனால் இன்னும் நல்லது. திங்கள்கிழமை வேண்டாம், பூட்டியிருக்கும்.